சரிபார்த்தவர்: துரைராஜ்

திருமுல்கேரியில் துரைராஜின் பட்டறை மேசைமேல் எஞ்சின் வால்வுகளைத் தூக்கித் திறக்கும் கேம்ஷாஃப்ட்கள் இரண்டு கிடந்தன. ஒன்று சுந்தரேசனின் பழைய மோட்டார் சைக்கிளில் சங்கிலியால் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றது ராணுவ ஏலத்தில் வந்தது, பல்சக்கரத்தால் ஓடிய எஞ்சினுடையது. சங்கிலி ஓயாமல் தளர்ந்து கடகடத்ததால் அதை எடுத்துவிட்டுப் பல்சக்கரம் வைக்க ஏற்பாடு. அதற்கு வரைபடம் போட்டவன் கிட்டு. பொதுத்துறை ஆலையின் டிராயிங் ஆபீசில் அவனுக்கு மேலதிகாரி சுந்தரேசன்.

"வண்டியில இருந்த பழசையே போடுங்க. தேயவே இல்லை," என்றான் கிட்டு.

துரைராஜ் அதைக் கையில் எடுத்து உருட்டினார். "சங்கிலின்னா எஞ்சின் சுத்துற பக்கமே இதுவும் சுத்தும் சார். பல்லோட பல்லு கோத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். வால்வு திறக்கிற வரிசையே புரண்டுடுமே?"

"எந்தப் பக்கம் சுத்தினாலும் வால்வைத் தூக்கத்தானே போறது? அஞ்சு வருஷம் இதைத்தான் படிச்சேன், துரைராஜ்."

"ஹவ் சார், ஆமா. நான் மூணாங்கிளாஸ்," என்று சிரித்தார் துரைராஜ். பழையதையே எஞ்சினில் பொருத்தக் குனிந்தார்.

அவரைச் சமாதானப்படுத்த நினைத்த கிட்டு, படத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்று தன் பெயர் இருந்ததற்குக் கீழே, 'சரிபார்த்தவர்' கட்டத்தில் அவர் பெயரை எழுதினான். துரைராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாரெட்பள்ளி வீட்டிலிருந்து சுந்தரேசன் வந்தார். துரைராஜ் கிக்கரை உதைக்க உதைக்க கார்ப்புரேட்டர் வழியாக எஞ்சின் தும்மியது. ஒன்பதாவது உதையில் உள்ளே வால்வு வளையும் சத்தம் கேட்டது. துரைராஜ் சொன்னதே சரி என்று அந்த நொடியே கிட்டுவுக்கு விளங்கிவிட்டது.

சுந்தரேசன் படத்தை எடுத்துப் பார்த்தார். "சரிபார்த்தவர் துரைராஜ். ஏன்யா, எதைத்தான் சரிபார்த்தே?"

துரைராஜ் கிட்டுவைப் பார்த்தார். அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கிட்டு எஞ்சினுக்கடியில் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்புதான் சார்," என்றார் துரைராஜ்.

படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை வேன் ஒன்றில் ஏற்றிப் போனார் சுந்தரேசன். ஆபீஸ்காரர்களின் ஸ்கூட்டர்களை நம்பித்தான் அந்தப் பட்டறை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்றுகூட அங்கே வராது. இது தெரிந்தே கிட்டு ஆறு நாள் ஆபீசுக்குப் போய்வந்தான். ஏழாம் நாள் மாரெட்பள்ளிக்குப் போனான்.

"கேம்ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்தது நான் சார். அவர் வேண்டாம்னுதான் சொன்னார்."

சுந்தரேசன் படத்தை விரித்தார். "ரெண்டு கட்டத்துலயும் பெயர் ஒரே கையெழுத்துல இருக்கு. அன்னிக்குச் சாயங்காலமே பார்த்துட்டேன். நீயா வரட்டும்னு இருந்தேன். ஏழு நாள் ஆச்சு, கிட்டு."

சுந்தரேசன் படத்தை மடித்து அவனிடம் நீட்டினார்.

"அந்த மனுஷன்கிட்ட நானும் மன்னிப்புக் கேக்கணும். முதல்ல நீ போ. வண்டி வாசல்ல நிக்கறது, தள்ளிண்டு போ."

மாரெட்பள்ளியிலிருந்து திருமுல்கேரிவரை ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான் கிட்டு. துரைராஜ் வண்டியைப் பார்த்தார், வியர்வையில் நனைந்திருந்த அவன் சட்டையைப் பார்த்தார். கிட்டு சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தான். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஏலத்தில் வந்த கேம்ஷாஃப்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்:

"புதுசா படம் போடுங்க சார். அந்தக் கட்டத்தை மட்டும் காலியா விடுங்க. பார்த்துட்டு நானே எழுதுறேன்."