மூன்றாவது சிலிண்டர்

மோகன்குமாருக்கு மகள் பிறந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. கோவில்பட்டியில் மாமனார் வீட்டிலிருந்த குழந்தையை அவன் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறான்.

ஓசூரில் கார் என்ஜின்களைச் சோதித்துத் தரும் கம்பெனி ஒன்றில் அவன் ஷிப்ட் இன்ஜினியர். புது டர்போ பெட்ரோல் என்ஜின் ஒன்றை நாள்கணக்கில் முழு பாரத்தில் ஓடவிட்டு, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் என்ஜின் பாதியிலேயே போனது. டர்போவின் சக்கரம் உடைந்து, ஒரு துண்டு சோதனை அறையின் சுவரில் போய்ப் பதிந்தது. இப்போது ஓடுவது இரண்டாவது. இது முடிந்த பிறகு லீவு எடுத்துக்கொள் என்று மேனேஜர் ராஜசேகர் சொல்லியிருந்தார். நாளை மாலையோடு முடிந்துவிடும்.

மதியம் சாப்பிட்டதில் கண் செருகியது. நாற்காலியில் சாய்ந்திருந்தவனை சுமலதா கூப்பிட்டாள்.

"சார், மூணாவது சிலிண்டர் மட்டும் சூடு ஏறிக்கினே போவுதுங்க."

சுமலதா பாகலூர்க்காரி, அங்கே டெக்னீஷியன். ஆள் போதாததால் அந்த வாரம் முழுக்க இரண்டு ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

நான்கு சிலிண்டரிலிருந்தும் புகை வெளியேறும் குழாய்களில் தலா ஒரு சென்சார் செருகியிருந்தார்கள். தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரியைத் தாண்டினால் என்ஜின் தானாக நின்றுவிடும். மற்ற மூன்றும் தொள்ளாயிரத்தை ஒட்டி அடங்கியிருக்க, மூன்றாவது மட்டும் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சென்சார் போயிருக்கும்மா. இந்தச் சூட்டுல அது எத்தன நாளுதான் தாங்கும்?"

"இருக்கலாம் சார். ரெண்டாவதுல இருக்கறத இதுக்கு மாத்திப் பாத்துறலாங்களா?"

என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு சென்சார்களையும் இடம் மாற்றினார்கள். கையுறைக்குள்ளும் சூடு தெரிந்தது. கோளாறு சென்சாரில் என்றால் இப்போது இரண்டாவது சிலிண்டர்தான் அதிகம் காட்ட வேண்டும். மறுபடி ஓடவிட்டதும் மூன்றாவதுதான் ஏறியது.

இப்போது நிறுத்தினால் என்ஜினைப் பிரிக்க வேண்டும். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். லீவு அடுத்த மாதத்துக்குப் போகும்.

"லிமிட்டக் கொஞ்சம் ஏத்தி வைக்கிறேன்," என்றான் மோகன்குமார். "நாளைக்கு ஒரு நாள் ஓடிட்டாப் போதும்."

"நீங்க சொன்னா சரிங்க சார்."

அவள் குரலில் எதிர்ப்பு இல்லை. சம்மதமும் இல்லை. எதையும் மறுத்துப் பேசத் தெம்பில்லாத குரல். அவன் தன் பாஸ்வேர்டைப் போட்டு எல்லையை உயர்த்தினான். என்ஜின் முழு பாரத்துக்கு ஏறியது. சோதனை அறையைப் பார்க்கும் கண்ணாடிக்கு அப்பால் புகைக்குழாய்கள் மங்கிய சிவப்பில் கனன்றன. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெளுத்து, ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

அப்போதுதான் கவனித்தான். சுமலதா தன் நாற்காலியைக் கண்ணாடியிலிருந்து பின்னுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். உட்காரவும் இல்லை. சுவர் ஓரமாக நின்றபடி திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் என்ஜின் உடைந்த அன்று இதே இடத்தில் இருந்தவள் அவள்.

"பயமாருக்கா?"

"இல்லீங்க சார்," என்றாள். பிறகு, "ஆமாங்க," என்றாள்.

மோகன்குமார் எழுந்து போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். இரைச்சல் இறங்கி அடங்கியது. அவனுக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. அப்படியே தரையில் படுத்துவிடலாம் போலிருந்தது.

மாலைக்குள் என்ஜினைப் பிரித்தார்கள். மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டரில் அடைப்பு. பெட்ரோல் குறைவாக இறங்கியதால்தான் அது அவ்வளவு சூடாகியிருக்கிறது. அந்தப் பக்கம் புகை போகும் வால்வின் விளிம்பு கருகத் தொடங்கியிருந்தது. மோகன்குமார் மேனேஜருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான், எல்லையை உயர்த்தி ஓட்டியதையும் சேர்த்து.

மறுமுனையில் ராஜசேகர் நீளமாக மூச்சு விட்டார்.

"ஏன்யா அப்பிடிச் செஞ்ச?"

"ஊருக்குப் போணும் சார்."

யாரோ அவரைக் கன்னடத்தில் கூப்பிடுவதும், அவர் இருங்கள் என்பதும் கேட்டது.

"ரிப்போர்ட்ல அதையும் எழுது. மேல என்ன சொல்றாங்களோ, ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கலாம். இன்ஜெக்டர் புனேல இருந்து வரணும். அது வர வரைக்கும் காலி ரூமப் பாத்துக்கினு என்ன செய்யப்போற? போயிட்டு வா. அந்தப் பொண்ணையும் வீட்டுக்கு அனுப்பு, தூங்கட்டும்."

சுமலதாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கக்கூட இல்லை. தலையை ஆட்டிவிட்டு, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "பாப்பாவக் கேட்டேன்னு சொல்லுங்க சார்," என்றாள்.

ஓசூர் பஸ் நிலையத்தில் மதுரை பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தபின் மனைவி ஜெயமணியைக் கூப்பிட்டான். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"வாரேன்."

"இப்பிடித்தான் போன வாரமும் சொன்னிய."

"பஸ்ஸுல உக்காந்துட்டேன்டி."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "சரி, வாங்க. நானும் ஒரு வாரமா உறங்கல. வந்து இவளக் கொஞ்சம் வச்சுக்கிடுங்க," என்றாள்.

"வச்சுக்கிடுதேன்."

குழந்தையின் அழுகையைக் கேட்டபடி அவன் போனைக் காதிலேயே வைத்திருந்தான். பஸ் சூளகிரியைத் தாண்டும் முன்பே தூங்கிப்போனான்.