இடதுகை சுருட்டிய டவல்

இடக்கை அக்கா அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது கோபத்தில். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு அவள் தனக்குத்தானே என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை.

யார் மேல் கோபம்? சொந்தத் தம்பி பொண்டாட்டி மேல். தான் ஒன்பது வருஷமாக அறை சுத்தம் செய்கிற ஓட்டலில், சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டிக் கெஞ்சி, ஆறு மாசம் முந்தி அவளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். வந்தவள் வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே? மேனேஜர் அம்மாவுக்கு மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறாள், மகராசி.

விஷயம் இதுதான். நாலாம் மாடியில் நானூற்றுப் பதினேழாம் அறையில் ஒருத்தன் மாசக்கணக்கில் தங்கியிருக்கிறான். தம்பி பொண்டாட்டி அவன் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவள் முகத்துக்கு நேராகவே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னான். "இந்தக் கறுப்பியை இனிமே அனுப்பாதே. இவ ஜனம் தொட்ட விரிப்புல படுக்கவே கூசுது. கொஞ்சம் வெளுப்பா இருக்கிறவளா பார்த்து அனுப்பு."

சூப்பர்வைசருக்கு அங்கே 'விரல்' என்று பட்டப்பெயர். எந்த அறைக்குள் போனாலும் ஒரு விரலை நீட்டி, அலமாரி மேலும் கதவு மேலும் தூசி தடவிப் பார்க்கிறவர். நம்ம ஆள்தான், நம்ம பாஷைதான், நிறத்திலும் ஒன்றும் பால் வெள்ளை இல்லை. அவர் "மன்னிச்சுக்கோங்க சார்" என்றார். யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவள் பக்கத்திலேயே நின்றாள், அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுநாளே அவளை நாலாம் மாடியிலிருந்து எடுத்துக் கீழே சலவைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அவளுடைய ஏழு அறையும் அக்காவின் பதினான்கோடு சேர்ந்துகொண்டன.

ஆக, அக்காவுக்கு முதல் எரிச்சல் அந்த ஏழு அறை. அதுக்கு மேல் இந்தப் புகார்.

"உனக்கு மட்டும்தான் ரோஷம் பொத்துக்கிட்டு வருதா?" என்று காலையில் அடுப்படியில் வைத்தே ஆரம்பித்தாள். ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருந்தார்கள். "நாங்கெல்லாம் ஒன்பது வருஷமா காது கேட்காமலா இருந்தோம்? இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டுப் போறதை விட்டுட்டு, வம்பை விலைக்கு வாங்குறியே!"

"அவன் சொன்னது உங்களுக்கும் சேர்த்துதான், அண்ணி."

"எனக்கு எதுக்குடி? நான் என்ன உன்னை மாதிரியா இருக்கேன்?"

வாயிலிருந்து வந்துவிட்டது. தம்பி பொண்டாட்டி அடுப்பை அணைத்தாள், பையை எடுத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். தம்பி அவளை முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு, "நிறம் கொஞ்சம் கம்மிதான், ஆனா களையான மூஞ்சி" என்று சொன்னதும் இதே வாய்தான். எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டிவிட்டதாகத்தான் அக்கா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறையில் விரல் வந்து நின்றார். கையில் காகிதம்.

"உன் தம்பி பொண்டாட்டிக்கு வேலை போயிடும் போல இருக்கே. பொய்ப் புகார்னு முடிவானா நேரா வாசல்தான். நீ இதுல ஒரு கையெழுத்து போடு. ஏதோ மனசு சரியில்லாம எழுதிட்டான்னு சொல்லி, நான் கண்டிச்சு விட்டுடச் சொல்றேன். சொந்தக்காரி நீ சொன்னா மேடம் நம்புவாங்க."

காகிதத்தில் மூன்றே வரி. கொஞ்ச நாளாகவே இவருடைய மனநிலை சரியில்லை. சின்ன விஷயத்தையும் பெரிதாக்குவார். வேலையிலும் கவனம் இல்லை.

அக்கா இரண்டு தரம் படித்தாள். முதுகு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அவள் வேலையைக் காப்பாற்றின மாதிரியும் ஆச்சு, அவள் கொழுப்பை அடக்கின மாதிரியும் ஆச்சு என்று நினைத்து இடதுகையால் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை. மேனேஜர் அம்மாவின் அறையில் கண்ணாடி மேசை, அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் விரல் உட்கார்ந்திருந்தார், இன்னொன்றில் அவருடைய கோப்பு உட்கார்ந்திருந்தது. பெண்கள் இரண்டு பேரும் நின்றார்கள்.

"இங்க யாரும் நிறம் பார்க்கிறதில்லம்மா," என்றார் மேனேஜர். குரல் தேன். "நாம எல்லாம் ஒரே குடும்பம். இப்படி எழுதினா அந்த வார்த்தையைப் படிக்கவே எனக்கு எவ்வளவு வேதனையா இருக்கு தெரியுமா?"

கேட்டவளுக்கு வேதனை இல்லை, படித்தவளுக்கு வேதனை!

"அப்போ எதுக்கு என்னை நாலாம் மாடியிலேருந்து எடுத்தாங்க?" என்றாள் தம்பி பொண்டாட்டி.

"எடுக்கவே இல்லையே," என்றார் விரல், பச்சைப் பிள்ளை மாதிரி. "அந்த விருந்தாளியும் ஒண்ணும் சொல்லலை. நான் இவளை மாத்தவும் இல்லை. நாலாம் மாடிலதான் இருந்தா. வேலை செஞ்ச லட்சணம் வெளியே வந்துடுமேன்னு கதை கட்டுறா. பாருங்க மேடம், போன செவ்வாய்க்கிழமை நானூத்திப் பதினேழுல இவ போட்ட படுக்கை."

போனில் ஒரு படம். விரிப்பு சுருங்கிக் கிடந்தது, தலையணை கோணிக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை நான் சலவைக் கூடத்துல இருந்தேன். அந்த மாடிக்கே போகலை."

"கத்தாதீங்கம்மா."

அவள் கத்தவே இல்லை. ஆனாலும் மேனேஜர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அப்புறம் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "நாங்க சொன்னா உங்களுக்குத் தப்பா தெரியும். உங்க நாத்தனாரே எழுதிக் கொடுத்திருக்காங்களே." மூன்று வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

தம்பி பொண்டாட்டி திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா சூப்பர்வைசரை முறைத்தாள். கண்டித்து விட்டுவிடச் சொல்கிறேன் என்றானே பாவி, இங்கே ஆளையே காலி பண்ணுகிறானே!

"இது உங்க கையெழுத்துதானே? இந்தப் படுக்கையையும் பார்த்துச் சொல்லுங்க. கவனமில்லாத வேலைதானே?"

போன் அக்கா பக்கம் நகர்ந்தது. அவள் பார்த்தாள். விரிப்பைப் பார்க்கவில்லை, தலையணையைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் சுருட்டி வைத்திருந்த டவலைப் பார்த்தாள்.

அந்த ஓட்டலில் ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் ஒரு டவலைச் சுருட்டி வைத்து, கடைசி முனையை வெளியே நீட்டிவிட வேண்டும். வலதுகைக்காரிகள் சுருட்டினால் முனை வலப்பக்கம் விழும். அக்கா சுருட்டினால் இடப்பக்கம். "அக்கா போட்ட படுக்கையில படுத்தா கனவுகூட எதிர்ப்பக்கமா ஓடும்" என்று மற்றவர்கள் ஒன்பது வருஷமாகக் கிண்டல் செய்கிறார்கள். தூசியையே பார்த்துத் திரிகிற விரலுக்கு மட்டும் அது கண்ணில் பட்டதே இல்லை.

படத்தில் முனை இடப்பக்கம் கிடந்தது.

"இது நான் போட்ட படுக்கை," என்றாள் அக்கா. "இவளை மாடியை விட்டுத் துரத்திட்டு, இவ அறையையும் என் தலையில கட்டினீங்களே, அந்தச் செவ்வாய்க்கிழமை. இருபத்தொரு அறை. அவசரத்துல இழுத்துப் போட்டுட்டு ஓடினேன்."

விரல் சிரித்தார். "பாசம் மேடம், பாசம்."

அக்கா இடுப்பில் செருகியிருந்த துடைக்கிற துணியை உருவி, கண்ணாடி மேசைமேல் விரித்து மடமடவென்று சுருட்டினாள். முனை இடப்பக்கம். பிரித்து, தம்பி பொண்டாட்டி முன்னால் போட்டாள். "நீ சுருட்டு." அவள் சுருட்டினாள். முனை வலப்பக்கம்.

"இப்போ போனைப் பாருங்க மேடம். இவளை மாத்தலைன்னா நான் எதுக்கு அந்த அறைக்குப் போனேன்?"

மேனேஜர் பார்த்தார். புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. மூன்று விநாடி அந்தத் துணியையே பார்த்தவர், பேனா முனையால் அதை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். கை படாமல்.

"அப்போ நீங்க எழுதிக் கொடுத்தது பொய்யா?"

"பொய்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"பொய் சொல்றவங்க பேச்சை நாங்க எப்படிம்மா நம்புறது?"

அக்கா வாயைத் திறந்தாள். விரல் அதற்குள் முன்னால் சாய்ந்துகொண்டார். "இவளுக்கும் கொஞ்ச நாளாவே மனநிலை சரியில்ல மேடம். சின்ன விஷயத்தையும் பெருசாக்குறா. வேலையிலும் கவனம் இல்லை, இவளே இப்போ ஒத்துக்கிட்டாளே."

வரி மாறவில்லை. மேனேஜர் ஒரு புதுத் தாளை எடுத்து, அதே மூன்று வரியை அக்காவைப் பற்றி எழுதினார். எழுதி முடித்து, தம்பி பொண்டாட்டி பக்கம் நகர்த்தி, பேனாவையும் வைத்தார்.

"நீங்க ஒரே வீட்டுல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். இதுல ஒரு கையெழுத்து போட்டா உங்க புகாரை மறந்துடுறோம். வேலையில தொடரலாம்."

போடட்டும், போட்டால் தப்பே இல்லை என்றுதான் அக்கா நினைத்தாள்.

தம்பி பொண்டாட்டி தாளை முழுசாகப் படித்தாள். பேனாவைத் தொடவில்லை. தன்னுடைய மூன்று பக்கப் புகாரை மட்டும் மேசையிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் எழுதினது நிஜம் மேடம். அதை மறக்க வேண்டாம்."

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேருடைய சாவிகளையும் வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். குப்பைத் தொட்டிகளைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"போட்டிருக்கலாமேடி. என் மேல இருக்கிற ஆத்திரத்துக்காவது போட்டிருக்கலாமே."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அக்காவை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள்.

"இப்போ நீங்க என்னை மாதிரிதான் இருக்கீங்க, அண்ணி," என்று சிரிக்காமல் சொன்னாள்.