எலிக் காவல்

கொட்டைக் கிட்டங்கியின் கதவைத் திறந்ததும் முதலில் வருவது நாற்றம்தான். மக்கிய பருத்திக்கொட்டையின் புளிப்பும் எலி மூத்திரமும் கலந்த அந்த வாடை தாங்காமல் மாயக்காள் முந்தானையை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாசிப் பனி விலகுமுன்னே விளக்குமாறும் கூடையுமாக உள்ளே நுழைவாள். வில்லாபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தப் பருத்தி அரவை ஆலையில் மற்றவர்களுக்குச் சங்கு ஊதினால்தான் வேலை. அவளுக்குச் சங்குக்கு முந்தியே வேலை. மூட்டைச் சந்துகளில் செத்துக் கிடக்கும் எலிகளைப் பொறுக்கியாக வேண்டும்.

அவை சாகிற சாவும் நல்ல சாவாக இல்லை. ஒன்று தள்ளாடித் தள்ளாடி நடுக் கிட்டங்கிக்கு வந்து கண்முன்னே விழும். இன்னொன்று மூட்டைக்கு அடியில் ஊதிக் கிடந்து, தூக்கினால் வாலின் தோல் மட்டும் கையோடு கழன்று வரும். கூடையில் போட்டு, மேலே கழிவுப் பஞ்சைப் பரப்பி, பாய்லர் கொட்டகைக்குக் கொண்டுபோவாள். அங்கே தீப்போடும் அவள் புருஷன் காளை முகத்தைத் திருப்பிக்கொண்டு உலைக்குள் கொட்டுவான். மயிர் பொசுங்கும் அந்தக் கருமத்தை மூச்சில் இழுத்துக்கொண்டேதான் ஆலையில் அத்தனை பேரும் வேலை செய்தார்கள்.

சத்தமில்லாமல் எரிக்கச் சொன்னது முதலாளி. எலி விழுந்த இடத்தில் அடுத்து மனுஷன் விழுவான் என்பது நகரசபைச் சுகாதார இன்ஸ்பெக்டர் ராமமூர்த்தியின் கணக்கு. எலி எங்கெங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் பிளேக் எந்தப் பக்கம் நகருகிறது என்று அவர் கண்டுபிடிப்பார். விழுந்த இடத்துக்குச் சீல் வைத்து மருந்தடிப்பார். கிட்டங்கிக்குச் சீல் விழுந்தால், விலை ஏறட்டும் என்று முதலாளி அடுக்கி வைத்திருந்த கொட்டை வெளியே போகாது. அதனால் எலி விழவே இல்லை என்று ஆயிற்று.

முதலாளியை மட்டும் சொல்லி என்ன. ஆலைக்குப் பின்னாலிருந்த குடியிருப்பிலும் இதே அசிங்கம்தான் நடந்தது. மேல வரிசை, கீழ வரிசை என்று இரண்டு வரிசை ஓட்டுவீடுகள். எலி விழுந்த வீட்டின் ஓட்டைப் பிரித்து, குடும்பத்தைப் பொட்டலில் போட்ட தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்து மேல வரிசைக்காரர்கள் தங்கள் வீட்டு எலியைக் கீழ வரிசை வாசலில் வீசினார்கள். கீழ வரிசைக்காரர்கள் மேல வரிசையில் வீசினார்கள். இன்ஸ்பெக்டர் காவிக்கட்டியால் குறி போட்டதெல்லாம் தப்பான வீடு. மாயக்காள் வீசிய ஓர் எலிக்காகக் கீழ வரிசைத் தவசியின் வீட்டு ஓடு பிரிந்தது. நோயோ மேல வரிசையில் சுகமாகக் குடியிருந்தது.

அவளோடு எலி பொறுக்கிய ராக்கம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு, அரையில் எலுமிச்சை அளவு நெறி கட்டியது. பிதற்றினாள். மறுநாளே போய்ச் சேர்ந்தாள். பாடையைத் தூக்க மேல வரிசையில் ஆள் வரவில்லை. அத்தனை கதவும் சாத்தியிருந்தது. பொட்டல் கொட்டகையிலிருந்து தவசி வந்து ஒரு முனைக்குத் தோள் கொடுத்தான்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிய கையோடு மேஸ்திரி பேயாண்டி மாயக்காள் வாசலில் வந்து நின்றான்.

"ராக்கம்மா எடம் காலியாக் கெடக்கு. நாளைக்கு ஒம்மக அழகம்மாளைக் கூட்டியா."

"அது சின்னப்புள்ளைய்யா."

"எலி தூக்க வயசு எதுக்கு? அவ வரலேன்னா நீயும் வராத, ஒம்புருசனும் வரவேணாம். மொதலாளி சொல்லிட்டாக."

மாயக்காள் அந்தக் கழன்ற வால்தோலை மகளின் கையில் வைத்து நினைத்துப் பார்த்தாள். நேரே பொட்டலுக்கு நடந்தாள்.

"தவசியண்ணே, ஒங்க வாசல்ல கெடந்தது எங்க வீட்டு எலி. நாந்தேன் வீசினேன்."

"தெரியும்த்தா," என்றான் தவசி. "அதுக்கு முந்தி நான் மேல வரிசைச் சோணைமுத்து வாசல்ல வீசுனேன். மாத்தி மாத்தி எறிஞ்சு அந்த இன்ஸ்பெக்டரு கண்ண நாமளே பொத்திப்புட்டோம். அவரு எங்க போயித் தேடுவாரு?"

"இனி எவுக வீட்டு எலி அவுக வாசல்லயே கெடக்கட்டும்ணே. கிட்டங்கி எலி கிட்டங்கி வாசல்ல கெடக்கட்டும்."

"ஓட்டைப் பிரிப்பாகளே, ஆத்தா," என்றாள் தவசி பெண்சாதி முத்துத்தாய்.

"பிரிக்கட்டும் மதினி. அம்புட்டுப் பேரும் பொட்டலுக்கு வந்துட்டா ஆலைய யாரு ஓட்டுறது?"

அன்று மாலை இரண்டு வரிசையிலும் வீடு வீடாகப் பேச்சு நடந்தது. திட்டும் விழுந்தது. ஆனாலும் விடிந்தபோது எந்த எலியும் இடம் மாறியிருக்கவில்லை. மேல வரிசையில் வாசலுக்கு வாசல் கிடந்த எலிகளைப் பார்த்து, வீட்டுக்காரர்களே காறித் துப்பினார்கள்.

அழகம்மாளை முத்துத்தாயிடம் விட்டுவிட்டு மாயக்காள் கிட்டங்கிக்குப் போனாள். பொறுக்கியதையெல்லாம் வாசலில் கொட்டி, எலித் தெள்ளு ஆள்மேல் ஏறாமலிருக்க மண்ணெண்ணெயை ஊற்றினாள். காளை உலைக்குத் தீ வைக்கவில்லை. சங்கு ஊதவில்லை. சோணைமுத்து இன்ஸ்பெக்டரைக் கூட்டிவர டவுனுக்கு நடந்தான்.

முதலாளியின் கார் வந்து நின்றது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"என்ன கருமம் இது?"

"ஒங்க கிட்டங்கி எலி, மொதலாளி," என்றாள் மாயக்காள்.

"அள்ளிப் பாய்லர்ல போடு."

"பாய்லர் அணைஞ்சு கெடக்குங்க."

"இன்ஸ்பெக்டர் வந்தா ஒங்க வீட்டு ஓட்டையும் பிரிச்சிருவான். தெரியுமில்ல?"

"எம் வீட்டைப் பிரிச்சாச்சு மொதலாளி," என்றான் தவசி. "கொட்டகையில எடம் இருக்கு. இவுகளும் வரட்டும்."

"ஒங்களை விட்டா ஆளா இல்ல? கொட்டாம்பட்டியிலருந்து லாரியில எறக்குவேன்."

"எறக்குங்க," என்றாள் மாயக்காள். "அவுகளும் இந்த வாசல் வழியாத்தேன் உள்ள போகணும். பாத்துட்டுப் போகட்டும்."

முதலாளி பேயாண்டியிடம் அள்ளச் சொன்னார். பேயாண்டி மண்வெட்டியை எடுத்தான். உப்பிய வயிறுகளையும் ரத்தம் உறைந்த வாய்களையும் பார்த்தான். மண்வெட்டியைச் சுவரில் சாத்தினான்.

"எனக்கும் புள்ளகுட்டி இருக்குங்க," என்றான்.

கார் திரும்பிப் போயிற்று. போலீசோடு வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெயில் ஏற ஏற நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆலைச் சுவரில் காக்கைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இரண்டு வரிசைச் சனமும் கலந்து, எட்ட உட்கார்ந்து, ஆளுக்கு நாலு கல்லை மடியில் வைத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் வருவாரா, வந்தாலும் முதலாளியின் கிட்டங்கிக்குச் சீல் வைக்கத் துணிவாரா, யாருக்கும் நிச்சயமில்லை.

"விடிஞ்சதுலருந்து பட்டினியா இருக்க. போய்க் கஞ்சி குடிச்சிட்டு வாத்தா," என்றான் தவசி. "நாங்க பாத்துக்கிறோம்."

"இருக்கட்டும்ணே. இந்த நாத்தத்துல எறங்காது."

ஒரு காக்கை சுவரை விட்டுக் கிளம்பியது. முப்பது கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அன்று அந்த வாசலிலிருந்து ஓர் எலியைக்கூட அவர்கள் காக்கைக்கு விடவில்லை.