கோரைக்குள் ஓர் ஆண்

"நிறுத்துங்க! எஞ்சினை நிறுத்துங்க!"

வரப்பில் ஓடிவந்த பூச்சி ஆராய்ச்சியாளர் கிருத்திகா, பவர் ஸ்ப்ரேயரின் சுவிட்சைத் தானே தட்டி அணைத்தாள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு கோரைக்குள் இறங்கப்போன தனபால் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"ஏனுங்க மேடம், மருந்து கலக்கியாச்சுங்க. இப்ப வந்து ஆஃப் பண்றீங்க?"

"யாரு அடிக்கச் சொன்னது?"

"நாந்தான்." தென்னை நிழலிலிருந்து நாச்சிமுத்து வந்தார். மோகனூர்ப் பக்கம் வாய்க்கால் பாயும், பாய் நெசவுக்கு வளர்க்கும் அந்தக் கோரைக்காடு அவருடையது. "நெல்லைக் கருக்கற புகையான் உழுந்திருக்குது அம்மிணி. பக்கத்துல நெல்லு போட்டவன் காலையில ஊட்டுக்கே வந்து சத்தம் போட்டுட்டுப் போறான். என்ற காட்டுல இருந்துதான் அவன் பயிருக்குப் பூச்சி போகுதாமா."

"இது புகையான் இல்லீங்கண்ணா. அது மாதிரி இருக்கற வேற தத்துப்பூச்சி. நெல்லுல விட்டுப் பார்த்தேன், பட்டினியில செத்துப்போச்சு. கோரையைத் தவிர எதையும் தொடாது."

"இதையேதான் போன கோரை வெட்டுலயும் சொன்னே. பெரிய ஆபீசருங்க ஒத்துக்கிட்டாங்களா?"

கிருத்திகா பையிலிருந்த பூச்சிக் குப்பிகளைத் தடவிப் பார்த்தாள்.

ஒத்துக்கொள்ளவில்லை. தத்துப்பூச்சிகளில் பெண்களை வைத்து இனம் பிரிப்பது பெரும்பாடு. ஆணின் பின்நுனியில் இரண்டு குட்டிக் கொக்கிகள் இருக்கும். இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறும். அதுதான் அத்தாட்சி. அவளிடம் குப்பி குப்பியாகப் பெண்கள் இருந்தன. ஆண் ஒன்றுகூட இல்லை. அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பார்த்த வகைப்பாட்டு நிபுணர் சுவாமிநாதன், "ஆண் இல்லாம பேர் வைக்க முடியாதும்மா" என்று முடித்துவிட்டார்.

இந்தக் காட்டை விட்டால் அந்தப் பூச்சி வேறெங்கும் அகப்பட்டதில்லை. இன்று மருந்து விழுந்தால் கதை முடிந்தது.

"ஒரே ஒரு ஆணைப் புடிச்சு, புகையான் இல்லைன்னு காட்டிட்டா நிறுத்திடுவீங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். "டீ வாங்க ஆள் போயிருக்குது. பசங்க குடிச்சு முடிக்கற வரைக்கும் தேடு, சாமி. அப்பறம் என்னைய ஒண்ணுஞ் சொல்லப்படாது."

முழங்கால் சேற்றில் இறங்கினாள். வெள்ளைத் தட்டை அடியில் நீட்டி, கோரைத் தூரைப் படபடவென்று தட்டினாள். நெல்வயலில் புகையானை எண்ணுகிறவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். பொலபொலவென்று விழுந்தன. லென்ஸில் பார்த்தாள். பெண். பெண். பெண். அடுத்த தூர். அங்கேயும் பெண்.

டீ வந்தது. தனபால் ஊதி ஊதிக் குடித்தான்.

"மேடம், மாப்பிள்ளை அமையலீங்களா?"

வரப்பில் சிரிப்பு எழுந்தது.

"போதும்டா, ஸ்டார்ட் பண்ணு" என்றார் நாச்சிமுத்து.

தனபால் கயிற்றைச் சுண்டினான். வரப்போரத் தூரை ஒட்டி நின்ற எஞ்சின் டுபுடுபுவென்று மெதுவாக ஓடத் தொடங்கியது. கிருத்திகா தோற்றுப்போய்க் கரையேறக் காலெடுத்தாள்.

எடுத்த கால் அப்படியே நின்றது.

அதிர்ந்துகொண்டிருந்த கோரைத் தண்டின் அடிமடலிலிருந்து ஏதோ வெளியே வந்தது. எள்ளைவிடச் சிறியது. கன்னங்கரேலென்றிருந்தது. பாதி உடம்பைக்கூட மூடாத இறக்கை. அது தண்டில் விறுவிறுவென்று மேலே ஏறியது. அதன் பின்னாலேயே இன்னொன்று!

"எஞ்சின் ஓடட்டும்! மருந்து மட்டும் வேண்டாம்!"

இவைதான் ஆண்கள் என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. தண்டை அதிரவைத்துத்தான் பெண் ஆணைக் கூப்பிடும். நெல்லில் பழகிய கை கோரையைத் தட்டத் தட்ட, இந்த ஆண்கள் பயந்து மடலுக்குள் இறுகிப் பதுங்கியிருக்கின்றன. எஞ்சினின் மெல்லிய அதிர்வு அவற்றுக்கு அழைப்பாகிவிட்டது.

"தனபாலண்ணா, உங்க எஞ்சின் பொண்ணு கொரல்ல பாடுதுங்க!"

தனபால் தன் எஞ்சினையே ஒருமுறை குனிந்து பார்த்தான்.

உறிஞ்சு குழாயால் இரண்டையும் பிடித்தாள். தான் வந்த பொலீரோ ஜீப்பின் பானட்டில் மைக்ராஸ்கோப்பை வைத்து, செல்போனை அதன் கண்ணில் பொருத்தி, வீடியோ காலில் சுவாமிநாதனை இழுத்தாள். எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள்.

சுவாமிநாதனின் முகம் திரையை நெருங்கியது.

"கொஞ்சம் திருப்புங்க," என்றார் அவர். "இன்னும்... இன்னொண்ணையும் காட்டுங்க."

"புகையானுங்களா?" நாச்சிமுத்து பொறுமையிழந்து கத்தினார்.

"சத்தியமா இல்லைங்க."

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். "தனபாலு, மருந்து ட்ரம்மை வண்டியில ஏத்து. நெல்லுக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். அம்மிணி, நீ கெலிச்சுட்டே!"

யாரோ விசிலடித்தார்கள். கிருத்திகா சேற்றுக் கையோடு கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் சேறாகிச் சிரித்தாள்.

"ஆனா கிருத்திகா," போனில் சுவாமிநாதனின் குரல் கறாராக வந்தது, "உங்க கட்டுரையை இப்படியே விட முடியாது. தலைப்பே தப்பு."

சிரிப்பு உறைந்தது. "'புதிய இனம்'னுதானே சார் போட்டிருக்கேன்?"

"அதான் தப்பு. இந்தக் கொக்கி எனக்குத் தெரிஞ்ச எந்தப் பேரினத்துலயும் கிடையாதும்மா. புதுசா வந்தது ஒரு ஆள் இல்லை, அந்த வம்சமே புதுசு. இனத்துக்கு மட்டுமில்லை, பேரினத்துக்கும் நீங்கதான் பேர் வைக்கணும்!"