ஒழுகும் கேரவனுக்கு ஒரு பல் டாக்டர்

பல் டாக்டருக்கு ஊரில் நல்ல பெயர். வலிக்காத பல்லைத் தொடவே மாட்டார் என்பார்கள். அந்தப் பெயரைப் பரப்பியது வேறு யாருமல்ல, கிளினிக் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் அவர் மனைவிதான். இருபத்திரண்டு வருஷமாக டோக்கன் கொடுக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாகக் கடல் பார்க்கப் போகலாம் என்று கேட்கிறாள். "அடுத்த மாசம்" என்று சொல்லியே டாக்டர் காலத்தை ஓட்டிவிட்டார்.

திடீரென்று ஞானோதயம் வந்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய கேரவன் ஒன்றை வாங்கிவந்து வீட்டு முன்னால் நிறுத்தினார். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. அடியில் நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள். பொத்தானை அழுத்தினால் எண்ணெயின் பலத்தில் நான்கும் இறங்கி, தரையில் ஊன்றி, வண்டியை ஆடாமல் நிறுத்தும். வந்த மறுநாளே தரையில் இரண்டு சொட்டு எண்ணெய். ஒரு குழாய் இணைப்பு தளர்ந்திருந்தது. டாக்டர் ஸ்பேனரால் கால் சுற்று முறுக்கினார். ஒழுக்கு நின்றுவிட்டது. அத்தோடு மனுஷன் கையைக் கழுவிவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

போகவில்லை. சொட்டியதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று எண்ணெய் டேங்கைத் திறந்து பார்த்தார். பாதிதான் இருந்தது. ஊற்றினார். ஜாக்கிகளை மடக்கினார். தரையில் ஒரு தட்டு அகலத்துக்கு எண்ணெய்! மறுநாள் மறுபடி ஜாக்கிகளை இறக்கிப் பார்த்தால் டேங்கில் மறுபடியும் பாதி. ஊற்றினார், மடக்கினார், இந்த முறை தாம்பாள அகலம். இப்படியே ஐந்து நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் மத்தியானம் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுங்கிறீங்க. ஒரு வாரம் கிளினிக்குக்கு லீவு போட்டாச்சு. நாளைக்குக் காலையில இது கிளம்பணும். இல்லேன்னா நான் பஸ்ல போறேன். தனியா!"

கடலை அவள் தனியாகப் பார்த்துவிட்டு வந்தால், அப்புறம் அவளுக்குக் காட்ட டாக்டரிடம் என்னதான் இருக்கிறது?

"ஓட்டை அடைக்கிறது எனக்குப் புதுசா?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டும் தலைவிளக்குமாக, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியோடு வண்டியிடம் போனார். டேங்க் மேல் ஒரு சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. முதல் நாளே அவர் ஒட்டியது. 'நோயாளி: டேங்க். புகார்: ஒழுக்கு.'

மைத்துனன் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அக்காள் புருஷன் எது செய்தாலும் வேடிக்கை பார்க்க முதல் ஆளாக வந்துவிடுவான்.

"கண்டுபிடிச்சுட்டேன் மச்சான்! மூடியில சின்னதா ஒரு சொத்தை. அது வழியாத்தான் வருது."

"அது காத்து போறதுக்கு வெச்ச ஓட்டை மாதிரி இருக்கே அத்தான்?"

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

டாக்டர் ஜாக்கிகளை இறக்கச் சொல்லி, வழக்கம்போல் டேங்கை நிரப்பி, துளையில் பல் சிமெண்ட்டை வைத்து அடைத்தார். "ஒரு மணி நேரத்துக்கு எதையும் கடிக்கக் கூடாது" என்று பழக்கதோஷத்தில் டேங்கிடமே சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து, "மடக்கு மச்சான்" என்றார்.

ஜாக்கிகள் மடங்கின. டேங்க் உறுமியது. அடுத்த நொடி 'டப்' என்று மூடி பறந்து மாமரத்தில் போய் உட்கார, எண்ணெய் பீய்ச்சியடித்தது. டாக்டர் முகத்தில் எண்ணெயும் அசடும் சேர்ந்து வழிந்தன.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, எண்ணெயில் ஊறித் தொங்கிய நோயாளிச் சீட்டைக் கிழித்தாள். அதற்கு அடியில் கம்பெனி ஒட்டிய சீட்டு இருந்தது. அதை உரக்கப் படித்தாள்.

"'ஜாக்கிகளை முழுவதும் மடக்கிய பிறகே எண்ணெய் ஊற்றவும்.' கேட்டுச்சா? ஜாக்கி இறங்கினா பாதி எண்ணெய் அதுக்குள்ள போயிடுது. டேங்க் காலின்னு நீங்க ஊத்துறீங்க. மடக்கினா போனது திரும்பி வருது. இடம் எங்க இருக்கு? வழியாம என்ன செய்யும்?"

"அப்போ ஒழுக்கு?"

"அதை முதல் நாளே சரி பண்ணிட்டீங்க. அப்புறம் அஞ்சு நாளா வலிக்காத பல்லைத்தான் நோண்டியிருக்கீங்க."

மைத்துனன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான், எண்ணெயிலேயே.

டாக்டர் மரத்திலிருந்து மூடியை இறக்கி, துளையிலிருந்த சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்தார். எச்சில் உறிஞ்சும் குழாயைக் கொண்டுவந்து, அதிகப்படி எண்ணெயை உறிஞ்சி, அளவுக் கோட்டில் நிறுத்தினார். தரையைத் துடைத்துச் செய்தித்தாள் விரித்து, மூன்று முறை இறக்கி மூன்று முறை மடக்கினார்கள். தாளில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் காலை, பஸ்ஸுக்கென்று அவள் கட்டிவைத்திருந்த பையைத் தூக்கி வண்டியில் வைத்தார். ஜிப் திறந்திருந்தது. உள்ளே அவளுடைய பிரஷ். அதை ஒட்டி, நார் விரிந்த இன்னொரு பிரஷ். மூன்று மாசத்துக்கு ஒருமுறை பிரஷை மாற்றுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசிப்பவருடையது.

"தனியாப் போறேன்னு சொன்னியே?"

"சொன்னேன். உங்களை விட்டுட்டுப் போனா அடுத்து ஃப்ரிட்ஜுக்குப் பல் புடுங்குவீங்களே" என்றாள் அவள், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தபடி. "வாயை மூடிக்கிட்டு வண்டியை எடுங்க."