வலப்பக்கத்து இதயம்

அம்பத்தூர் ஸ்கேன் சென்டர் ஒன்றில் சித்ரா பதினோரு வருடங்களாக எக்ஸ்ரே எடுக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில், தீராத இருமலோடு ஒரு பெண் வந்தாள். பெயர் அகல்யா, பதினேழு வயது. கூட வந்தவள் அம்மா சாவித்திரி, நசரத்பேட்டைக்காரி.

படத்தில் இதயம் இடப்பக்கம், சரியாகவே இருந்தது. நுரையீரலின் அடியில்தான் சளி கட்டியிருந்தது.

"பொறந்ததுலேர்ந்து இருமிகினேதான் கீறா," என்றாள் சாவித்திரி. "இவ அண்ணனுக்கும் இதே இருமல். இப்ப அவன் இல்ல."

"என்னாச்சும்மா?"

"அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருச்சு. இடது பக்கம் வலிக்குதுன்னு கத்தினான். அப்பெண்டிக்ஸ்னா வலது பக்கம்தான், இது வேற இன்னாவோன்னு மூணு நாள் மாத்திரை குடுத்தாங்க. அறுத்துப் பாத்தப்பதான் உள்ள எல்லாமே பக்கம் மாறிக் கீதுன்னு சொன்னாங்க. வேலைக்கு சேர்றப்ப இங்கதாம்மா எக்ஸ்ரே எடுத்தான். நல்லா கீறான்னு எழுதிக் குடுத்தாங்க."

சித்ரா பெயரைக் கேட்டாள். உதயகுமார்.

அவர்கள் போனதும் கணினியில் தேடினாள். நாலு வருடத்துக்கு முந்தைய படம். பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. அன்று ஒரு கம்பெனிக்காக அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவன் படத்தில் மட்டும் இதயம் வலப்பக்கம் தெரிந்தது. முன்பின்னாகத் திரும்பி நின்றிருப்பான் என்று நினைத்தாள். மறுபடி கூப்பிடச் சோம்பல். ஒரு பொத்தானை அழுத்திப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டாள்.

அறிக்கை எழுதும் டாக்டர் பார்த்தசாரதியிடம் அண்ணன் தங்கை விஷயத்தைச் சொன்னாள். தான் செய்ததைச் சொல்லவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஜீன்ல கோளாறா இருக்கும்," என்றார் அவர். "கரு மூணு வாரமா இருக்கறப்போ எது இடம் எது வலம்னு செல்லுக்குத் தெரியாது. நடுவுல ஒரு சின்னக் குழியில மயிர் மாதிரி இழைங்க சுழண்டு, தண்ணியை இடது பக்கமாத் தள்ளும். அந்தப் பக்கத்து செல்லுக்கு அதுதான் சேதி. அங்க ஒரு ஜீன் முழிச்சுக்கும். இதயம் எங்க வளையணும், குடல் எங்க திரும்பணும், எல்லாம் அதை வெச்சுதான்."

"இழை சுழலலைன்னா?"

"சேதியே போகாது. பாதிப் பேருக்கு இடம், பாதிப் பேருக்கு வலம். இவளுக்கு இடம் விழுந்திருக்கு. நுரையீரல்ல சளியைத் தள்றதும் அதே மாதிரி இழைதான். அதான் இருமல்."

அதற்குப் பிறகு திரையில் வந்த ஒவ்வொரு நெஞ்சிலும், முதல் நொடியில் இதயம் வலப்பக்கமே தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தால் இடம் மாறிவிடும். ஆவடி ரயிலில் எதிரே உட்கார்ந்த பையன்களின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு போனாள். ஒன்பதாம் நாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ஞாயிறு மதியம், திருப்பாத படத்தை எடுத்துக்கொண்டு நசரத்பேட்டைக்குப் போனாள்.

நின்றபடியே சொல்லி முடித்தாள். சாவித்திரி கத்தவில்லை. படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இங்கியா?" என்று தன் வலது மார்பில் கை வைத்தாள்.

"ஆமாம்மா."

"அவனுக்கு ஜுரம் வந்தா நெஞ்சுல கை வெச்சுப் பாப்பேன். துடிப்பு சரியாவே கெடைக்காது. எனக்குத்தான் பாக்கத் தெரியலன்னு வுட்டுட்டேன்." படத்திலிருந்து கண் எடுக்கவில்லை. "ஒரு தபா இந்தப் பக்கம் வெச்சுப் பாத்திருக்கலாம்." பிறகு, "நீ போம்மா," என்றாள்.

பரிசோதனையில் டாக்டர் சொன்னதே உறுதியானது. சளியை வெளியேற்றும் பயிற்சிகளை அகல்யா கற்றுக்கொண்டாள். இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வருகிறாள். சாவித்திரி சித்ராவோடு பேசுவதில்லை.

அகல்யா தட்டில் மார்பை ஒட்டி நிற்பாள். "மூச்சை இழுத்துப் பிடி," என்பாள் சித்ரா. அறைக்குள் அகல்யா மட்டும்தான் இருப்பாள். ஆனாலும் இரண்டு பேர் மூச்சை இழுப்பது சித்ராவுக்குக் கேட்கும்.