ஆள் மாற்று

இடியாப்பத்தை மீன் குழம்பில் ஊறப்போட்டது போலிருந்த மொகிங்காவில் தங்கமணி இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டான். "நல்ல கொழம்பக் கெடுத்து வச்சிருக்கானுவ, அக்கா" என்றபடியே வழித்துக் குடித்தான். அன்று காலைதான் கப்பலை விட்டு இறங்கியிருந்தான். தைலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரங்கூனின் பசுண்டவுன் ஓடைக்கரையில் அரிசி ஆலைகள் எழுந்த காலத்திலிருந்தே அந்த வழக்கம் இருந்தது. உலைக்கு உமி தள்ளுகிறவன் ஊர் திரும்ப வேண்டுமானால், உறவில் ஒருவனைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். உறவுக்காரன் ஓடமாட்டான் என்பது மேஸ்திரிகளின் நம்பிக்கை. அவள் கணவன் மாரிச்சாமியும் தன் சித்தப்பாவின் இடத்துக்கு வந்தவன்தான். இப்போது அவன் இருமினால் துணியில் சாம்பல் நிறமாய்க் கோழை படிகிறது. இன்னொரு அரவைப் பருவத்தை அவன் தாங்கமாட்டான். அதனால்தான் அவள் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். ரங்கூனில் வேலை இருக்கிறது என்று மட்டும். மற்றதை வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். வந்தவன் முகத்தைப் பார்த்தபிறகு அதைச் சொல்லாமலே ஆலைக்கு அழைத்து வந்தாள்.

ஆலை வாசலில் அய்யாசாமி மேஸ்திரி தங்கமணியின் தோளை அழுத்திப் பார்த்தார்.

"மூச்ச நல்லா இழுத்து விடுடா."

இழுத்து விட்டான்.

"வண்டி மாடு மாதிரி இருக்கான். மாரி, நீ பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வியாழக்கெழம கப்பல் ஏறலாம்."

தங்கமணி அக்காவைப் பார்த்தான். "மச்சான் ஊருக்குப் போறாரா? நீயுமா?"

ஆலைக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது.

"அப்ப நான் எப்ப போறது?"

மேஸ்திரி சிரித்தார். "ஒனக்குக் கீழ தம்பி எவனும் இருக்கானா?"

"ஒருத்தன் இருக்கான். எட்டு வயசு."

"வளரட்டும்."

மாரிச்சாமி மச்சினனை உள்ளே அழைத்துப் போனான். தைலம்மாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'வேண்டாம், வெளிய வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். இருவரில் யாரைக் கூப்பிடுவது? உலைக்கருகில் மாரிச்சாமி தன் தலைத்துணியை அவிழ்த்துத் தங்கமணியின் மூக்கை மூடிக் கட்டினான். "வாயால மூச்சு விடாத, மாப்ள." பிறகு இரும்புக் கதவைத் திறந்து, மண்வாரியை நீட்டினான். தங்கமணி அதன் காம்பைப் பற்றினான். மாரிச்சாமியின் கை அதை விடவில்லை. ஒரே காம்பைப் பிடித்தபடி இருவரும் நெருப்பின் முன்னால் நின்றார்கள். பின்னாலிருந்த குவியலிலிருந்து உமி சரிந்து சரிந்து அவர்கள் கணுக்காலை மூடிக்கொண்டிருந்தது.